இரவு 8 மணிக்கு அணைய வேண்டிய கணினிகள் காலையில் அணைகின்றன: உதவுங்கள்

வாசகசாலை_பொறுப்பாளர் | திங்கள், இரவு 8.52

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசகசாலையில் 6 கணினிகள் இருக்கின்றன. எல்லாம் நன்கொடையாக வந்தவை, எல்லாவற்றிலும் விண்டோஸ் 11. இரவு 8 மணிக்குப் பூட்டுவோம். தன்னார்வலர்கள் அவசரத்தில் சில கணினிகளை அணைக்காமலே போய்விடுவதால், முதல் ஐந்திலும் டாஸ்க் ஷெட்யூலரில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் விண்டோஸ் வசதி) தினமும் 8 மணிக்கு அணையும்படி ஒரு பணியை நானே அமைத்தேன். ஆறாவது என் மேசையில் இருக்கும் புத்தகப் பதிவுக் கணினி. அதை நான் கையால்தான் அணைப்பேன்.

இப்போது மூன்று தொல்லைகள்.

முதலாவதுதான் பெரியது. இரண்டு வாரங்களில் மூன்று நாள், காலையில் திறந்து கொஞ்ச நேரத்தில் முதல் நான்கு கணினிகளும் ஒன்றாக அணைந்துவிட்டன. இன்று காலை ஒரு மாணவி கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். பாதியில் திரை இருண்டது. அந்தப் பிள்ளை பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லி, முடிக்காமலே போய்விட்டாள். அதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. வைரஸாக இருக்குமோ?

இரண்டாவது: ஐந்தாம் கணினி இரவு அணையத் தொடங்குகிறது, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பூட்டிவிட்டுப் போகிறேன். காலையில் வந்து பார்த்தால் கடவுச்சொல் கேட்டுக்கொண்டு விழித்திருக்கிறது.

மூன்றாவது: ஆறாம் கணினியைத் தினமும் நானே அணைக்கிறேன். ஆனால் டாஸ்க் மேனேஜரில் 23 நாளாகத் தொடர்ந்து இயங்குவதாகக் காட்டுகிறது. பார்கோடு ஸ்கேனரும் சில நாள் வேலை செய்வதில்லை. "ரீஸ்டார்ட்" கொடுத்தால் மட்டும் சரியாகிறது.

குறுக்குவழி | திங்கள், இரவு 9.10

அக்கா, இவ்வளவு யோசிக்க வேண்டாம். டாஸ்க் ஷெட்யூலரை நீக்கிவிட்டு, மின்பலகையில் டைமர் சுவிட்ச் ஒன்றைப் பொருத்துங்கள். 8.05க்கு மின்சாரமே நின்றுவிடும். எங்கள் கடையில் விளக்குகளுக்கு அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

திருப்புளி | திங்கள், இரவு 9.31

தயவுசெய்து அதைச் செய்துவிடாதீர்கள். 20 ஆண்டுகளாகக் கணினி பழுதுபார்க்கிறேன். விளக்குக்கும் கணினிக்கும் ஒரே டைமர் ஆகாது. விளக்கு எதையும் எழுதிக்கொண்டிருப்பதில்லை. கணினி வட்டில் எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் மின்சாரம் நின்றால், கோப்பு பாதி எழுதிய நிலையில் நிற்கும். விண்டோஸ் வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமை, கட்டமைப்பில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் முன்கூட்டியே ஒரு குறிப்பேட்டில் பதிந்துகொள்வதால் கோப்புறைகளின் கட்டமைப்பு பெரும்பாலும் தப்பிக்கும். கோப்புக்குள் இருக்கும் உங்கள் எழுத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. விண்டோஸ் புதுப்பிப்பு நடக்கும்போது மின்சாரம் போனால் கணினியே எழும்பாமல் என் மேசைக்கு வரும். அப்படி வந்தவற்றை நிறையப் பார்த்துவிட்டேன்.

பொத்தானை 4 நொடி அழுத்திப் பிடித்து அணைப்பதும் இதே கணக்குதான். வேறு வழியே இல்லாதபோது மட்டும் அதைச் செய்ய வேண்டும்.

அம்மா, உங்கள் மூன்று தொல்லைகளுக்கும் காரணம் வெவ்வேறு என்று நினைக்கிறேன். முதலில் கணினியையே கேட்போம். "ஈவென்ட் வியூவர்" என்று தேடித் திறங்கள். கணினியில் நடந்தவற்றின் பதிவேடு அது. அதில் விண்டோஸ் பதிவுகள், அதற்குள் சிஸ்டம். வலப்பக்கம் வடிகட்டும் வசதி இருக்கும். அங்கே 1074, 6006, 6008, 41 ஆகிய நான்கு எண்களைக் கொடுங்கள்.

1074 என்றால் யாரோ ஒருவர், அல்லது ஏதோ ஒரு நிரல், முறைப்படி அணைக்கச் சொன்னது. எந்த நிரல், எந்தப் பயனர் என்று அதிலேயே எழுதியிருக்கும். 6006 ஒழுங்காக அணைந்ததன் அடையாளம். 6008 என்றால் முந்தைய முறை எதிர்பாராமல் நின்றது. 41 என்றால் முறையாக அணையாமல் மறுபடி தொடங்கியது. வைரஸா இல்லையா என்பது இதிலேயே பாதி தெரிந்துவிடும். இன்று காலைக்கும் அந்த மற்ற இரண்டு நாள்களுக்கும் என்ன பதிவாகியிருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

ஆய்வக_ஆசிரியை | திங்கள், இரவு 10.04

ஐந்தாம் கணினியைப் பொறுத்தவரை எனக்கு ஒரு சந்தேகம். வலைப்பின்னல் வழியாக எழுப்பும் வசதி இயங்கிக்கொண்டிருக்கலாம். கணினி அணைந்த பிறகும் மின்பலகை சுவிட்ச் போட்டிருந்தால், மேசைக் கணினியின் ஏடிஎக்ஸ் வகை மின்வழங்கி 5 வோல்ட் மின்சாரத்தைத் தாய்ப்பலகைக்குக் கொடுத்துக்கொண்டேயிருக்கும். அதனால்தான் அணைந்த கணினியிலும் கேபிள் செருகுமிடத்தில் சிறு விளக்கு மினுக்குகிறது. டிவைஸ் மேனேஜரில் வலைப்பின்னல் அட்டையைத் திறந்து, மின் மேலாண்மைப் பகுதியில் "இந்தச் சாதனம் கணினியை எழுப்பலாம்" என்ற குறியை எடுத்துப் பாருங்கள். எங்கள் பள்ளி ஆய்வகத்தில் ஒரு கணினி இப்படித்தான் நள்ளிரவில் விழித்துக்கொண்டிருந்தது.

வாசகசாலை_பொறுப்பாளர் | செவ்வாய், காலை 11.20

பார்த்தேன் ஐயா. முதல் கணினியில் நேற்றுக் காலை 9.02க்கு 6008 இருக்கிறது. "முந்தைய நிறுத்தம், ஞாயிறு இரவு 7.21, எதிர்பாராதது" என்ற பொருளில் எழுதியிருக்கிறது. 9.12க்கு 1074. அதில் நிரலின் பெயர் ஷட்டவுன் என்றும், பயனர் பெயரில் நான் நிர்வாகத்துக்கு வைத்திருக்கும் பெயரும் இருக்கின்றன. மற்ற இரண்டு நாள்களிலும் இதே வரிசை: காலையில் 6008, பத்து நிமிடம் கழித்து 1074.

ஞாயிறு இரவு எங்கள் தெருவில் மின்தடை இருந்தது. இருட்டில் அப்படியே பூட்டிவிட்டு வந்தோம். முதல் ஐந்துக்கும் யு.பி.எஸ். கிடையாது.

அக்கா, நீங்கள் சொன்ன குறியை ஐந்தாம் கணினியில் எடுத்துவிட்டேன். இன்று இரவு பார்க்கிறேன்.

திருப்புளி | செவ்வாய், பிற்பகல் 1.15

வைரஸ் இல்லை. நீங்கள் அமைத்த பணிதான் காலையில் ஓடுகிறது.

டாஸ்க் ஷெட்யூலரில் அந்தப் பணியைத் திறந்து அமைப்புகள் பகுதிக்குப் போங்கள். "குறித்த நேரம் தவறிவிட்டால், முடிந்தவரை விரைவில் இயக்கு" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். முதல் நான்கு கணினிகளில் அது குறியிடப்பட்டிருக்கும், ஐந்தாவதில் இருக்காது என்று நினைக்கிறேன்.

நடந்தது இதுதான். ஞாயிறு 7.21க்கு மின்சாரம் போனது. 8 மணிக்குக் கணினி உயிரோடு இல்லை, எனவே பணி தவறியது. மறுநாள் 9.02க்குக் கணினி எழுந்தது. "நேற்று ஒரு வேலை பாக்கி இருக்கிறதே" என்று அது கண்டுகொண்டது. இப்படித் தவறிய பணிகளை விண்டோஸ் உடனே இயக்குவதில்லை. வரிசையில் வைத்து, இயல்பாக 10 நிமிடம் தாமதித்து இயக்கும். 9.02, 9.12. உங்கள் பதிவே கணக்கைக் காட்டிவிட்டது.

காப்புப்பிரதி எடுப்பது போன்ற பணிகளுக்கு அந்தக் குறி நல்லது. இரவு தவறினால் காலையில் எடுத்துக்கொள்ளட்டும். அணைக்கும் பணிக்கு அது கூடவே கூடாது. நேற்று இரவு அணைக்க வேண்டியதை இன்று காலையில் அணைத்து யாருக்கு என்ன பயன்? குறியை எடுத்துவிடுங்கள்.

வாசகசாலை_பொறுப்பாளர் | செவ்வாய், பிற்பகல் 2.40

அப்படியேதான் இருக்கிறது! நான்கிலும் குறி இருக்கிறது, ஐந்தில் இல்லை. முதல் நான்கை ஒரே நாளில் அமைத்தேன். "தவறினால் இயக்கு" என்பதைப் பார்த்ததும் நல்லதுதானே என்று நானே குறியிட்டேன். ஐந்தை அடுத்த வாரம் வேறு அவசரத்தில் அமைத்தேன். எடுத்துவிட்டேன் ஐயா. அந்த மாணவியின் வீட்டுக்குத் தகவல் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை வந்து விண்ணப்பத்தை முடித்துக்கொள்ளலாம், கடைசி நாளுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது.

கணக்கர் | செவ்வாய், மாலை 6.05

அந்தப் பணியில் நீங்கள் கொடுத்திருக்கும் கட்டளை என்ன என்று கேட்க வேண்டும் அம்மா. காலையில் திரை இருண்டபோது எச்சரிக்கை ஏதாவது வந்ததா?

வாசகசாலை_பொறுப்பாளர் | செவ்வாய், மாலை 6.30

ஷட்டவுன் /எஸ் /எஃப் /டி 0. ஒரு காணொளியில் பார்த்து எழுதியது. (கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். தட்டச்சு செய்பவர்கள் ஆங்கில எழுத்துகளில் செய்யவும்.) எச்சரிக்கை எதுவும் வரவில்லை.

கணக்கர் | செவ்வாய், இரவு 7.48

இதைத்தான் பயந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

/எஸ் என்றால் அணை. /டி என்றால் எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்பது. /எஃப் என்றால் திறந்திருக்கும் நிரல்களைக் கேட்காமல் மூடு. /டி 0 என்றால் ஒரு நொடிகூடக் காத்திருக்காதே. இவை சேர்ந்தால், அமர்ந்திருப்பவருக்கு வாய் திறக்கக்கூட இடமில்லை.

சாதாரணமாகக் கையால் அணைக்கும்போது விண்டோஸ் ஒவ்வொரு நிரலையும் "மூடலாமா?" என்று கேட்கிறது. சேமிக்காத கோப்பு இருந்தால் நிரல் "பொறு" என்று சொல்லலாம். அப்போதுதான் "இந்த நிரல் அணைவதைத் தடுக்கிறது" என்ற திரை வருகிறது. பலர் அதைத் தொல்லை என்று நினைத்து /எஃப் போடுகிறார்கள். அந்தத் திரை உங்கள் உழைப்புக்குக் காவலாக நிற்கிறது.

பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. /எஃப் எழுதாவிட்டாலும், /டி-க்குப் பூஜ்யத்தைவிடப் பெரிய எண் கொடுத்தாலே /எஃப் தானாகச் சேர்ந்துகொள்ளும். /டி 60 என்று எழுதிவிட்டு "நான் கட்டாயப்படுத்தவில்லையே" என்று நினைத்தால் அது தவறு. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் இரவு 7.30க்கு /டி 60 வைத்திருந்தார்கள். ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் கடைசி வாரம். வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். திரும்பிப் பார்த்தபோது நான்கு மணி நேரம் சரிபார்த்த விரிதாள் போய்விட்டிருந்தது. அன்று இரவு 11 மணி வரை உட்கார்ந்து திரும்பச் செய்தேன்.

எனவே என் யோசனை இது. அணைப்பது கட்டாயமாக இருக்கட்டும், ஆனால் நீண்ட எச்சரிக்கையோடு இருக்கட்டும். பணியை 7.45க்கு வையுங்கள். கட்டளை: ஷட்டவுன் /எஸ் /டி 900. 900 நொடி என்பது 15 நிமிடம். அதோடு /சி சேர்த்து மேற்கோள் குறிக்குள் ஒரு செய்தியும் எழுதலாம். 512 எழுத்து வரை அனுமதி உண்டு. உங்கள் வாசகர்களுக்குத் தமிழிலேயே எழுதுங்கள்.

ரத்து செய்ய ஷட்டவுன் /ஏ. காத்திருக்கும் அந்த 15 நிமிடத்துக்குள் மட்டும்தான் இது பலிக்கும். அந்தக் கட்டளைக்கு ஒரு குறுக்குவழிச் சின்னம் செய்து, "இன்னும் வேலை இருக்கிறது" என்று பெயரிட்டு முகப்புத் திரையில் வைத்துவிடுங்கள்.

குறுக்குவழி | செவ்வாய், இரவு 8.15

ஆனால் ரத்து செய்யும் சின்னம் கொடுத்தால் எல்லாரும் அதை அழுத்துவார்கள். பிறகு எதற்கு இந்தப் பணி? பொது இடத்தில் கண்டிப்பு வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கணக்கர் | செவ்வாய், இரவு 8.33

அந்த வாசகசாலைக்கு யார் வருகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள் தம்பி. வீட்டில் கணினி இல்லாதவர்கள் வருகிறார்கள். ஒரே ஒரு விண்ணப்பத்துக்காகப் பக்கத்து ஊரிலிருந்து வந்தவருக்கு 8 மணி என்பது கடைசி நிமிடம். விளையாட்டுக்காக அழுத்துபவர் ஒருவர் இருந்தாலும் பொறுப்பாளர் அருகில்தானே நிற்கிறார். அவர் எழுப்பி அனுப்பட்டும்.

திருப்புளி | செவ்வாய், இரவு 9.02

நான் கணக்கர் பக்கம். பணியை அமைக்கும்போது கவனிக்க வேண்டிய இரண்டை மட்டும் சேர்க்கிறேன்.

ஒன்று, பணி எந்தப் பயனர் பெயரில் ஓட வேண்டும் என்ற இடத்தில் சிஸ்டம் (விண்டோஸின் சொந்த உள்கணக்கு) என்று கொடுங்கள். கடவுச்சொல் கேட்காது, யாரும் உள்நுழையாமல் இருந்தாலும் ஓடும். இப்போது உங்கள் பெயரில் இருப்பதால், கடவுச்சொல்லை மாற்றும் நாளில் பணி சத்தமில்லாமல் நின்றுபோகலாம்.

இரண்டு, நிபந்தனைகள் பகுதியில் "மின் இணைப்பில் இருந்தால் மட்டும் தொடங்கு" என்ற குறி தானாகவே இடப்பட்டிருக்கும். மடிக்கணினி பேட்டரியில் ஓடினால் பணி தொடங்காது. மேசைக் கணினிக்கு இதனால் ஒன்றுமில்லை என்று நினைப்போம். ஆனால் யு.பி.எஸ்.ஸை யுஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்திருந்தால் விண்டோஸ் அதையும் பேட்டரியாகவே பார்க்கும். மின்தடையின்போது அணைக்கும் பணி ஓடாமல், யு.பி.எஸ். தீரும் வரை கணினி காத்திருக்கும். மின்சாரம் இல்லாதபோதுதானே ஒழுங்காக அணைய வேண்டும்! அந்தக் குறியையும் எடுத்துவிடுங்கள்.

ஆறாம் கணினியின் 23 நாள் கதை வேறு. அது பழுதில்லை. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது சேர்த்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதியின் விளைவு. நீங்கள் அணைக்கும்போது உங்கள் நிரல்கள் மூடப்படுகின்றன. ஆனால் இயங்குதளத்தின் கருப்பகுதியும் இயக்கிகளும் (சாதனங்களை இயக்கும் நிரல்கள்) அப்படியே வட்டில் ஒரு கோப்பாக எழுதி வைக்கப்படுகின்றன. மறுநாள் அதையே எடுத்து விரிக்கிறது. விரைவாகத் தொடங்குவதன் ரகசியம் அதுதான். ஆக, 23 நாளாக அது தூங்கி எழுந்துகொண்டிருக்கிறதே தவிர புதிதாகப் பிறக்கவில்லை. ஸ்கேனரின் இயக்கி ஒருமுறை குழம்பினால் அந்தக் குழப்பமும் சேர்ந்தே தூங்கி எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் எல்லாம் முழுமையாக மூடித் திறக்கும், அதனால்தான் சரியாகிறது.

கன்ட்ரோல் பேனலில் மின் விருப்பங்கள், அதில் மின்பொத்தான்கள் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதி. மேலே "தற்போது மாற்ற முடியாத அமைப்புகளை மாற்று" என்பதை அழுத்தினால், கீழே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் குறி திறக்கும். அதை எடுத்துவிடுங்கள். எடுக்க மனமில்லை என்றால், ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி அணைத்தால் அன்று மட்டும் முழுமையாக அணையும். கட்டளையில் /எஸ் கொடுத்து அணைக்கும் முதல் நான்குக்கும் இந்தத் தொல்லை இல்லை. அந்தக் கட்டளை, /ஹைப்ரிட் என்று கூடவே எழுதாதவரை, முழுமையாகத்தான் அணைக்கும்.

பெங்குவின்_வீடு | செவ்வாய், இரவு 10.20

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இன்னும் பெரிய தலைவலி. விண்டோஸ் பாதி உறக்கத்தில் இருக்கும்போது லினக்ஸிலிருந்து அந்த வட்டுப் பகுதியைத் திறந்தால் எழுத விடாது, படிக்க மட்டும் விடும். பலர் வட்டு கெட்டுவிட்டது என்று பயந்துபோகிறார்கள். அது தரவைக் காப்பதற்கான ஏற்பாடு. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தி ஒருமுறை முழுமையாக அணைத்தால் போதும்.

லினக்ஸில் நேரம் குறிப்பது எளிது. முனையத்தில் ஷட்டவுன் 20:00 என்றால் இரவு 8 மணிக்கு அணையும். ஷட்டவுன் +30 என்றால் 30 நிமிடத்தில். ரத்து செய்ய ஷட்டவுன் -சி. கடைசி 5 நிமிடத்தில் புதிதாக யாரையும் உள்நுழைய விடாது. இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

அணையும்போது "ஒரு சேவை நிற்பதற்காகக் காத்திருக்கிறது" என்று ஒன்றரை நிமிடம் எண்ணிக்கொண்டு நின்றால் பதறி மின்பொத்தானை அழுத்தாதீர்கள். ஒரு சேவை (பின்னணியில் ஓடும் நிரல்) நிற்பதற்கு, லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி கொடுக்கும் இயல்பான கெடு 90 நொடி. கெடு முடிந்ததும் அதுவே கட்டாயமாக நிறுத்திவிட்டு அணையும். தினமும் இப்படி நின்றால், கெடுவைக் குறைப்பதற்கு முன் எந்தச் சேவை என்று ஜர்னல்சிடிஎல் -பி -1 கொடுத்துப் பாருங்கள். முந்தைய இயக்கத்தின் பதிவு முழுவதும் வரும்.

கல்லூரி_விடுதி | செவ்வாய், இரவு 11.41

இடையில் ஒரு சின்னக் கேள்வி. இரவில் பெரிய கோப்பு இறங்கிக்கொண்டிருக்கும். இரண்டு மணி நேரம் கழித்துக் கணினி ஹைபர்னேட் ஆக வேண்டும், காலையில் எல்லாம் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். ஷட்டவுன் /எச் /டி 7200 கொடுத்தால் பிழை காட்டுகிறது. என்ன தவறு?

பெங்குவின்_வீடு | செவ்வாய், இரவு 11.55

/எச் உடன் /டி சேராது. டைம்அவுட் /டி 7200 என்று எழுதி, இடைவெளி விட்டு இரண்டு "அண்ட்" குறி போட்டு, பிறகு ஷட்டவுன் /எச் எழுதுங்கள். முதலாவது முடிந்ததும் இரண்டாவது ஓடும். அந்தக் கருப்புச் சாளரத்தை மூடக்கூடாது. வேண்டாம் என்று தோன்றினால் கன்ட்ரோல் விசையோடு சி அழுத்துங்கள்.

வாசகசாலை_பொறுப்பாளர் | புதன், காலை 9.35

முதல் நான்கும் நேற்று இரவு புதிய முறைப்படி அணைந்தன, இன்று காலை தொல்லை இல்லை. ஆறாம் கணினியிலும் மாற்றிவிட்டேன். இன்று இயக்க நேரம் 0 நாள் என்று காட்டுகிறது, ஸ்கேனர் முதல் முயற்சியிலேயே படித்தது.

ஐந்தாவது மட்டும் அப்படியேதான். வலைப்பின்னல் குறியை எடுத்தும் காலையில் விழித்திருந்தது.

ஆய்வக_ஆசிரியை | புதன், காலை 10.10

அப்படியானால் என் கணிப்பு தவறு. எங்கள் கணினி முழுமையாக அணைந்து பிறகு எழுந்தது. உங்களுடையதில் வட்டம் சுற்றுவதே நிற்கவில்லை என்று முதலிலேயே சொல்லியிருந்தீர்கள். நான் அதைச் சரியாகக் கவனிக்கவில்லை.

"புதுப்பித்து அணை" என்று கொடுத்தால் அணையாமல் திரும்ப எழுந்துவிடும் கோளாறு விண்டோஸ் 11இல் இருந்தது. 2025 அக்டோபர் இறுதியில் வந்த புதுப்பிப்பில்தான் அதற்குத் தீர்வு வந்தது. ஆனால் அது புதுப்பிப்பு இருக்கும் நாளில் மட்டும் நடக்கும். உங்களுக்குத் தினமும் நடப்பதால் அதுவும் இல்லை.

திருப்புளி | புதன், காலை 10.48

வட்டம் சில நிமிடம் சுற்றிவிட்டுத் தானாக மறுதொடக்கம் ஆகிறது என்றால், அணையும் வழியிலேயே நீலத்திரை (கடும் பிழையால் விண்டோஸ் நிலைகுலையும்போது வரும் திரை) விழுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். நீலத்திரை வந்தால் தானாக மறுதொடக்கம் செய் என்பதே விண்டோஸின் இயல்பான அமைப்பு. நீங்கள் பூட்டிவிட்டுப் போன பிறகு விழுவதால் அதைப் பார்க்க ஆள் இல்லை.

ஈவென்ட் வியூவரில் ஐந்தாம் கணினியின் 41ஐத் திறங்கள். விவரங்கள் பகுதியில் பக்செக்கோட் என்று ஒரு வரி இருக்கும். அங்கே 0 என்றால் மின்சாரம் போனது, அல்லது யாரோ பொத்தானை அழுத்திப் பிடித்தார்கள் என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். வேறு எண் இருந்தால் சொல்லுங்கள்.

வாசகசாலை_பொறுப்பாளர் | புதன், காலை 11.26

159 என்று இருக்கிறது ஐயா. ஒவ்வொரு நாளும் அதே 159.

திருப்புளி | புதன், காலை 11.40

அருமை. விண்டோஸ் இந்த எண்ணைப் பத்தடிமான முறையில் எழுதுகிறது. பதினாறடிமானத்தில் மாற்றினால் 9எஃப். ஏதோ ஒரு சாதனத்தின் இயக்கி, "மின்சாரத்தை நிறுத்தப் போகிறேன், தயாராகு" என்ற கட்டளைக்குப் பதில் சொல்லவில்லை என்பது அதன் பொருள். விண்டோஸ் சில நிமிடம் காத்திருந்து பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் விழுந்து எழுகிறது.

ஐந்தாம் கணினியில் மட்டும் இருக்கும் சாதனம் எது? யுஎஸ்பியில் செருகியது எதுவானாலும் முதலில் அதைச் சந்தேகியுங்கள். ஒவ்வொன்றாகக் கழற்றி அணைத்துப் பாருங்கள். இரண்டை ஒரே நேரத்தில் கழற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும்.

வாசகசாலை_பொறுப்பாளர் | புதன், மாலை 4.15

அந்தக் கணினிக்கு மட்டும் கேபிள் எட்டவில்லை. அதனால் யுஎஸ்பியில் செருகும் சிறிய வைஃபை குச்சி ஒன்றை வாங்கிப் போட்டிருந்தோம். முதலில் அச்சு இயந்திரத்தைக் கழற்றி அணைத்தேன், அதே வட்டம். இரண்டாவதாக வைஃபை குச்சியைக் கழற்றினேன். எட்டு நொடியில் அணைந்தது! மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்று முறையும் அணைந்தது. திரும்பச் செருகினால் மறுபடி வட்டம்.

திருப்புளி | புதன், மாலை 4.50

பிடித்துவிட்டீர்கள். அந்தக் குச்சியின் தயாரிப்பாளர் தளத்தில் விண்டோஸ் 11க்கான புதிய இயக்கி இருந்தால் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் 10 மீட்டர் வலைப்பின்னல் கேபிள் வாங்கி இழுத்துவிடுவது நல்லது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் கேபிளைத்தான் இழுப்பேன்.

ஆய்வக_ஆசிரியை | வியாழன், இரவு 7.20

எல்லாக் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து அணைக்கவும் வழி உண்டு. /எம் போட்டு அடுத்த கணினியின் பெயரைக் கொடுக்க வேண்டும். ஆனால் அதற்கு அந்தக் கணினியில் நிர்வாகி உரிமையும் ஃபயர்வால் அனுமதியும் வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் "அனுமதி மறுக்கப்பட்டது" என்று வந்துகொண்டேயிருந்து, கடைசியில் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் பணி அமைத்துவிட்டேன். 6 கணினிகளுக்கு அது தேவையே இல்லை.

வாசகசாலை_பொறுப்பாளர் | ஞாயிறு, இரவு 9.05

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாவதற்குக் கேபிள் இழுத்துவிட்டோம், நான்கு நாளாக ஒழுங்காக அணைகிறது. சனிக்கிழமை அந்த மாணவி வந்து விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள். ஒப்புகைச் சீட்டை அச்சிட்டுக் கையில் கொடுத்தேன்.

நேற்று இரவு இன்னொன்றும் நடந்தது. ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் ஓய்வூதிய நிலுவைக்காக மனு தட்டச்சு செய்துகொண்டிருந்தார். இரண்டு விரலால்தான் தட்டுவார். 7.45க்கு எச்சரிக்கை வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சின்னத்தை அழுத்துங்கள் ஐயா, நான் இருக்கிறேன்" என்றேன். 8.20க்கு முடித்து அச்சிட்டுக்கொண்டு போனார். ஆனால் பேச்சு மும்முரத்தில் அந்தக் கணினியை அணைக்க இருவருமே மறந்துவிட்டோம். இன்று காலை வந்து பார்த்தபோது அது இரவு முழுக்க ஓடியிருக்கிறது. ரத்து செய்தால் மறுபடி கேட்காதா?

கணக்கர் | ஞாயிறு, இரவு 9.22

கேட்காது அம்மா. /ஏ கொடுத்தால் அன்றைய வேலை அதோடு முடிந்தது, மறுநாள் 7.45க்குத்தான் பணி மறுபடி ஓடும். அதே பணியில் தூண்டுதல்கள் பகுதிக்குப் போய், தினமும் 8.30 என்று இரண்டாவது நேரத்தையும் சேர்த்துவிடுங்கள். முன்பே அணைந்த கணினிக்கு அதனால் பாதிப்பில்லை. ரத்து செய்த கணினிக்கு 8.30க்கு மறுபடி எச்சரிக்கை வரும், 8.45க்கு அணையும். தவறினால் இயக்கும் குறி இல்லாமல் இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசகசாலை_பொறுப்பாளர் | ஞாயிறு, இரவு 9.50

சேர்த்துவிட்டேன், குறி இல்லை. /சி-க்குப் பிறகு எழுதிய செய்தி இது: "வாசகசாலை 8 மணிக்கு மூடப்படும். உங்கள் கோப்பை இப்போதே சேமித்துக்கொள்ளுங்கள். இன்னும் வேலை இருந்தால் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள், காத்திருப்போம்."